வளைந்து கொடுக்கும் கம்பு

யோங் பெங் ஊரில் என் அக்கா வீட்டுக் கூடத்தில், சாமி மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில், ஒரு மஞ்சள் தூண்டில் கம்பு சாய்ந்து நிற்கிறது. என் உயரத்தைவிட ஒரு முழம் கூடுதல். பிடியில் சுற்றிய தக்கை, மாமாவின் கை வியர்வை பட்டுக் கறுத்திருக்கிறது. மின்விசிறியைப் போட்டால் அதன் நுனி மெல்ல ஆடும். முன்பெல்லாம் அது பின்பக்கத்து அறையில் மற்றக் கம்புகளோடு உறைக்குள் இருக்கும். யாராவது தொட்டால் மாமா தோலை உரித்துவிடுவார். இப்போது கூடத்துக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று சொன்னால் என் அக்காவைப் பற்றி நீங்கள் ஒரு மாதிரி நினைக்கக்கூடும். நினைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலை இல்லை.

மாமா என்று தங்கச்சியான நான் சொல்வது அக்காவின் கணவரை. செம்பனை ஆலையில் போர்மனாக இருந்தார். எங்கள் பக்கத்தில் அவரைக் கேட்டால் தங்கமான மனிதர் என்பார்கள். குடி கிடையாது. கோயில் வேலைக்கு முதல் ஆளாக வருவார். மெர்சிங் கடலுக்குப் போய்வந்தால் அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் மீன் துண்டு போகும். அக்காவை அவர் ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. இதை அவரே நாலு பேருக்கு நடுவில் பெருமையாகச் சொல்வார். அடித்திருந்தால் பரவாயில்லை, போலீசுக்காவது போயிருக்கலாம் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

அவருக்கு இருந்த ஒரே பித்து, ஓடும் படகில் தெங்கிரி பிடிப்பது. தமிழ்நாட்டில் வஞ்சிரம் என்பார்களே, அந்த மீன். படகு நிற்காது. மெல்ல ஓடிக்கொண்டே இருக்க, பொய் மீன் கட்டிய நூல் பின்னால் தண்ணீருக்குள் இழுபட்டு வரும். கம்பைப் படகின் ஓரத்தில் செருகி வைத்திருப்பார்கள், யார் கையிலும் இருக்காது. மீன் பாய்ந்து கடித்தால் முதல் இழுப்பைக் கம்புதான் வாங்க வேண்டும். கெட்டியான கம்பு வளையாது. ஒரு பக்கம் படகு இழுக்க, இன்னொரு பக்கம் மீன் இழுக்க, கொக்கி மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் கம்பு பாதிவரை வளைய வேண்டும், வளைந்தாலும் இழுப்பை விடக்கூடாது என்பார் மாமா. "வாய் கிழியக் கூடாது. கம்பு வளைஞ்சு கொடுக்கணும்" என்று சொல்லும்போது அவர் குரலே குழைந்துவிடும். மீன் வாயைப் பற்றி இவ்வளவு கரிசனமாகப் பேசிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆண்டுக் கடைசியில் பருவமழை வந்துவிட்டால் மெர்சிங்கில் படகு போகாது. அந்த மாதங்களில்தான் அவர் புதுக் கம்பு தேடுவார். ஜோகூர் பாருவில் அவருக்குப் பழக்கமான சீனர் கடை ஒன்று இருந்தது. அந்தக் கடைக்காரத் தவுக்கே அவரை நம்பி இரண்டு மூன்று கம்புகளை வீட்டுக்கே கொடுத்தனுப்புவார், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைக்குள் நுனியை ஆட்டிப் பார்த்தெல்லாம் மாமா வாங்க மாட்டார். ஓடுகிற படகு வேண்டும், இழுக்கிற மீன் வேண்டும். படகுக்கு அவருடைய கூட்டாளியின் கப்சாய் மோட்டார் சைக்கிள் இருந்தது. மீனுக்கு அக்கா இருந்தாள்.

அப்படிச் சோதித்த ஒரு நாள், நான் குடியிருக்கும் குளுவாங்கிலிருந்து விடுமுறைக்குப் போயிருந்தேன். மாலை வெயில். வீட்டுக்கு முன்னால் நீளமான தார்ச்சாலை, இரண்டு பக்கமும் வீடுகள். கூட்டாளி மோட்டார் சைக்கிளை மெல்ல ஓட்ட, மாமா பின்னால் திரும்பி உட்கார்ந்து, கம்பைத் தொடை இடுக்கில் செருகிக்கொண்டார். நூலின் முனை அக்கா கையில். உள்ளங்கையில் ஒரு துண்டைச் சுற்றி அதன்மேல் நூலைச் சுற்றியிருந்தாள். பூப்போட்ட பாத்திக் கைலியும், மாமாவின் பழைய ஆலைச் சட்டையும். வண்டி நகர்ந்ததும் நடந்தாள், பிறகு ஓடினாள். அப்படியே ஓடினால் போதாது. மீன் இழுப்பது போல அவள் நடுவில் நின்று பின்னுக்கு இழுக்க வேண்டும், பக்கவாட்டில் பாய வேண்டும். அப்போதுதான் கம்பு எங்கே வளைகிறது என்று அவருக்குத் தெரியும்.

"மீன் மாதிரி ஓடு லா! மாடு மாதிரி நிக்காத!" என்று மாமா கத்தினார்.

அண்டை வீட்டார் வேலியருகே வந்து நின்று சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. அக்காவும் சிரித்துக்கொண்டேதான் ஓடினாள். சிரிக்காவிட்டால் அது வேறு என்னவோ ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு காலில் செருப்பு கழன்று சாலையிலேயே கிடந்தது.

முதலில் சோதித்தது கறுப்புக் கார்பன் கம்பு. அக்கா பின்னுக்கு இழுத்த நேரம் கூட்டாளி வண்டியை முறுக்கிவிட்டான். கம்பு வளையவில்லை. நூல் துண்டை அறுத்துக்கொண்டு உள்ளங்கையில் இறங்கியது. அக்கா அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள். மாமா இறங்கி வந்து அவள் கையை விரித்து, இரத்தத்தைக் கட்டைவிரலால் துடைத்து, வெட்டின் ஆழத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு கூட்டாளியிடம் காட்டினார்.

"பாத்தியா? இது ஆகாது. வாயக் கிழிச்சிடும்."

அப்புறம் இன்னொரு கையில் துண்டைச் சுற்றி மஞ்சள் கம்பைச் சோதித்தார்கள். அது பாதிவரை அழகாக வளைந்தது. மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. மாமாவின் விரலிலிருந்து கறுப்புக் கம்பின் பிடியில் இரத்தக் கறை பட்டுவிட்டதால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, அதையும் வைத்துக்கொண்டார். அதற்கும் அக்காதான் பேச்சு வாங்கினாள். ஆனால் அன்றைக்கு அவரே அவள் கையைக் கழுவி, மருந்து போட்டு, கட்டுக் கட்டினார். கடைக்குப் போய் அவளுக்குப் பிடித்த மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கிவந்து, வலது கை முடியாதே என்று ஊட்டியும் விட்டார். அக்கா அழுதுகொண்டே சாப்பிட்டாள். அந்தத் தட்டைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்க்கலாம் போல் இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு ஒரு தடவை அக்கா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி என் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. பிள்ளை இல்லாத வீடு, அவளைக் கட்டிப்போட அங்கே எதுவும் இல்லை என்று மகிழ்ச்சியாக இருந்தது. தையல் கடை ஒன்றில் அவளுக்கு வேலைகூடப் பேசிவைத்தேன். சில நாள் கழித்து மாமா வந்தார். சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து, தாளில் சுற்றிய தெங்கிரித் தலையை என்னிடம் நீட்டினார்.

"குழம்பு வச்சுக் குடு, அவளுக்குப் பிடிக்கும். வரலனாலும் பரவால்ல, இங்கயே இருக்கட்டும். நான் சனிக்கிழம வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார்.

சொன்னபடியே மெர்சிங்கை விட்டுவிட்டு சனிக்கிழமை வந்தார். அடுத்த சனியும் வந்தார். வா என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அக்கா தானாகவே பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். போய்த் தொலை என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அந்த வருடம் தீபாவளிக்குக் கூட்டாளிகள் எல்லாரும் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு கம்புக்கு வந்தது. அக்கா அவர்களுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். "எப்பவுமே விட்டுப் பிடிக்கணும்" என்றார் மாமா. "இழுத்தா கிழிச்சுக்கிட்டு ஓடிடும். வளைஞ்சு கொடுத்தா, அது அலுத்துப்போயி தானா வந்து படகுல ஏறிடும்." சொல்லிவிட்டு அக்காவைக் கண்ணால் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா குழம்புக் கரண்டியோடு ஒரு கணம் நின்றாள். பிறகு அடுத்த தட்டுக்குப் போனாள். அவளுக்கு ரோஷமே இல்லையா என்று அன்றைக்கு நினைத்தேன்.

போன வருடம் மாமாவைப் பக்கவாதம் அடித்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. பேச்சு குழறினாலும் புரிந்தது. அக்கா அவரைக் கவனித்துக்கொண்டதைப் பார்த்து ஊரே மூக்கில் விரலை வைத்தது. ஒரு கடுஞ்சொல் கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது. கூட்டாளிகள் பார்க்க வந்தால் அவர் எதிரிலேயே, அவர் வாயைத் துடைத்துவிட்டபடி, பாசத்தோடு எல்லாவற்றையும் சொல்வாள். "பாவம், பெம்பர்ஸ் போட்டா பிச்சுப் போட்டுர்றாரு. நேத்து மெத்தையெல்லாம் நாறிப்போச்சு. கொழந்த மாதிரி ஆயிட்டாரு, இல்லிங்க?" அவர்கள் சங்கடமாகச் சிரிப்பார்கள். மாமா கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நாளில் கூட்டாளிகள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு நாள் அக்கா துணி காயப்போடப் போன நேரத்தில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். லாபிஸில் இருக்கும் தம்பி வீட்டுக்குத் தன்னை அனுப்பிவிடச் சொன்னார். "இங்க முடியல... இவ சிரிக்கிறா" என்றார். கண்ணில் நீர் வழிந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. ஆனால் அக்காவுக்கு விடுதலை என்று தோன்றியதும் உடனே அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன்.

தம்பி காரோடு வந்தார். அக்கா தடுக்கப் போகிறாள், அழப் போகிறாள் என்று நாங்கள் தயாராக இருந்தோம். அவளோ அவர் துணிமணிகளை மடித்து வைத்து, தலை சீவி, பவுடர் போட்டு, தானே சக்கர நாற்காலியைக் கார்வரை தள்ளிக்கொண்டு போனாள்.

"போய்ட்டு வாங்க. தம்பி வீடுதான? எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். தம்பியிடம், "நீங்க கூப்பிட்டா வந்து கூட்டிக்கிறேன் தம்பி. நானாக் கூப்பிட மாட்டேன்" என்றாள்.

கார் போனதும் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இனி குளுவாங்குக்கே வந்துவிடு, அவர் முகத்தில் விழிக்கவே வேண்டாம் என்றேன். "பாக்கலாம்" என்றாள். சனிக்கிழமை ஒரு பாத்திரத்தில் மீன் கஞ்சி எடுத்துக்கொண்டு லாபிஸுக்குப் போனாள். ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தாள். தம்பி வீட்டில் அவரைத் தூக்க ஆளில்லை, முகம் கொடுத்துப் பேசவும் ஆளில்லை. அடுத்த வாரம் தம்பியே கூப்பிட்டார். "அண்ணி, எங்களால முடியல. அண்ணனே உங்ககிட்ட போறேன்னு அழுவுறாரு."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா போனை வைத்தபோது அவள் முகத்தில் வந்த மலர்ச்சி எனக்குப் பழக்கமானது. மஞ்சள் கம்பு வளைந்த அன்று மாமா முகத்தில் பார்த்த அதே மலர்ச்சி.

மாமா வருவதற்குள் அவள் பின்பக்கத்து அறையைத் திறந்து எல்லாக் கம்புகளையும் உறையிலிருந்து எடுத்துக் கூடத்தில் பரப்பினாள். விழுந்த கையால் தினமும் எதையாவது இழுத்துப் பழக வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி ஒரு ரப்பர் பட்டை கொடுத்திருந்தார்கள், அது அறுந்துபோயிருந்தது. அதற்குப் பதில் கம்பு. ஒவ்வொன்றாக எடுத்து, நூலைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, பின்னுக்கு நடந்து, எங்கே வளைகிறது என்று பார்த்தாள். பிடி இடுப்பில் எங்கே நிற்க வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் மனம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் கறுப்புக் கம்பை எடுத்து நீட்டினேன்.

"இத எடுக்கா. அவரு கையும் கிழியட்டும்."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். வடு விழுந்த உள்ளங்கையால் அதை ஒதுக்கிவிட்டாள்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியலடி. கிழிஞ்சா போயிருவாருல்ல?"

மஞ்சள் கம்பை எடுத்துக்கொண்டாள்.

அது முதல் அது கூடத்தில்தான் நிற்கிறது. வெயில் தாழ்ந்ததும் அக்கா மாமாவைத் சக்கர நாற்காலியில் வைத்து அந்தத் தார்ச்சாலைக்குக் கொண்டுவருகிறாள். அவர் உள்ளங்கையில் துண்டைப் பத்திரமாகச் சுற்றி, அதன்மேல் நூலைச் சுற்றி, மறுமுனையில் கம்பை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். அண்டை வீட்டார் வேலியருகே வந்துவிடுகிறார்கள். அதே வீடுகள், பெரும்பாலும் அதே முகங்கள். போன வாரம் நானும் அங்கே இருந்தேன்.

"இழுங்க" என்றாள் அக்கா, அவ்வளவு அன்பாக. "மீன் மாதிரி இழுங்க. மாடு மாதிரி நிக்காதீங்க."

வேலியருகே எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் கோணல் வாயால் சிரிக்கப் பார்த்தார். மஞ்சள் கம்பு பாதிவரை வளைந்தது. நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வரும்வரை.