இருபதாயிரம் தக்காளி நாற்றுக்கு நான் போட்ட ஆர்டர்

அந்த நாற்றுப்பண்ணையின் பழைய இணையதளத்தை முதன்முதலில் திறந்து பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. நடுவில் ஒரு தக்காளி மின்னி மின்னி அணைந்தது. அதன் கீழே பச்சை எழுத்துகள் ஓடின. படித்து முடிப்பதற்குள் ஓடியே போய்விட்டன. போனில் பார்த்தால் பாதிப் பக்கம் திரைக்கு வெளியே நின்றது. இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு யாராவது வியாபாரம் செய்வார்களா? செய்தார்கள். நல்லம்பள்ளிப் பக்கம் நிழல்வலைக் குடில் போட்டு நாற்று வளர்க்கும் அந்த அக்காவுக்குப் பாதி ஆர்டர் அதன் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"புதுசு எப்படி வேணாலும் போடு கண்ணு. பழசு மட்டும் ஒரு நாளு கூட நிக்கக் கூடாது. இது சீசன். ஒரு நாளு நின்னா சனம் வேற நர்சரிக்குப் போயிரும்" என்றார் அக்கா.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, இண்டூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் நானாகத் தொழில் தொடங்கியிருந்த நேரம் அது. அக்காதான் என் முதல் வாடிக்கையாளர். பழையதை உடனே இழுத்து மூடக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு, யாருக்கும் தெரியாத முகவரியில் புதியதைக் கட்டினேன். மாற்றும் நாளில் ஒரு ஆர்டர்கூடத் தொலையக் கூடாதே என்று, இரண்டு தளங்களுக்கும் ஒரே ஆர்டர் பட்டியலை வைத்தேன். எதில் பதிவு செய்தாலும் ஒரே இடத்தில் போய்ச் சேரும். இந்த யோசனை தோன்றியபோது என்னை எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது.

பட்டியலை இணைத்த அன்று காலையே சோதனைக்கு ஒரு ஆர்டர் போட்டேன். என் பெயர், இண்டூர், தக்காளி நாற்று, இருபதாயிரம். அழுத்தியதும் 'உங்கள் ஆர்டர் பதிவாகிவிட்டது, நன்றி' என்று வந்தது. நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன். கீழேயிருந்து அம்மா, "மேல என்னடி இடிக்கிற?" என்று சத்தம் போட்டார். மத்தியானம் சாப்பிட்டு வந்து அந்த ஆர்டரை அழித்துவிட்டு அடுத்த வேலையில் இறங்கினேன்.

மூன்று வாரம் கழித்து அக்கா போன் செய்தார். குரலில் அப்படி ஒரு குஷி.

"நாத்து சூப்பரா வந்திருக்குது கண்ணு. நெலம் ஓட்டியாச்சா? இன்னும் நாலு நாள்ல எடுத்துக்கலாம்."

"எந்த நாத்துங்கக்கா?"

"உன் நாத்துதான். இருபதாயிரம் கேட்டிருந்தியே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்றுப்பண்ணையில் ஆர்டர் வந்ததும் போன் மணியடிக்கும். உடனே அதை ஒரு நீள நோட்டில் பேனாவால் எழுதிவிடுவார்கள். அதன்பிறகு யாரும் போனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நோட்டில் இருப்பதைத்தான் விதைப்பார்கள். நான் கம்ப்யூட்டரில் அழித்தேன். நோட்டில் யார் அழிப்பது?

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். குடிலுக்குள் இருநூறு குழித்தட்டுகள். தட்டுக்குத் தட்டு பச்சைப் பசேலென்று தக்காளி நாற்று, ஒன்றுகூடச் சொத்தையில்லை. சங்கடத்தை மீறி ஒரு நிமிடம் மகிழ்ந்தே போனேன். பிறகு உண்மையைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நெலமே இல்லியா?"

"வூடு மட்டுந்தாங்கக்கா."

"நீயும் வெவசாயம் பண்ணப் போறேன்னு எனக்கு அவ்வளவு சந்தோசம் கண்ணு. ஆளுங்கள விடாம நானே வெதச்சேன்" என்றார். அதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தக்காளி நாற்றை இருபத்தைந்து நாளில் நட வேண்டும். முப்பதைத் தாண்டினால் வெளிறிப்போய் நெடுநெடுவென்று வளர்ந்துவிடும், யாரும் தொடமாட்டார்கள். அப்புறம் குப்பைக்குழிதான். இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

பழைய தளத்தில் முன்பதிவு மட்டுமே செய்ய முடியும். கையில் தயாராக இருப்பதைக் காட்ட அதில் வழியே கிடையாது. புதியதில் அதற்கென்றே ஒரு பக்கம் பாதி செய்து வைத்திருந்தேன். அங்கேயே ஒரு உரமூட்டை மேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். தட்டுகளைப் படம் எடுத்துப் போட்டேன், மீதி எவ்வளவு என்று எண்ணிக்கை தெரியும்படி செய்தேன். ஆனால் புதிய முகவரி யாருக்குத் தெரியும்? நான் வெறுத்த அந்த ஓடும் பச்சை எழுத்திலேயே 'தக்காளி நாற்று தயார், இங்கே தொடுங்கள்' என்று ஓடவிட்டேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, போன் மணியடித்தது. மூவாயிரம். திரையில் இருபது பதினேழாகக் குறைந்தது. "கொறஞ்சிருச்சு! தானா கொறஞ்சிருச்சு!" என்று அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். அடுத்த இரண்டு நாள் நாங்கள் இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதினாலு, பதினொன்று, எட்டு. ஐந்தாயிரத்தில் வந்து நின்றுவிட்டது. ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது, ஐந்து நாளும் போனது, நகரவில்லை. நாற்று தட்டில் உயர்ந்துகொண்டே வந்தது.

முப்பதாவது நாளுக்கு முந்தின காலை, மொரப்பூரிலிருந்து ஒருவர் குட்டியானை வண்டியோடு வந்து இறங்கினார். கையில் போன், அதில் நான் செய்த பக்கம்.

"போன மாசம் கேட்டப்ப தட்டு காலியில்ல, பத்து நாளு பொறுங்கன்னீங்க. எனக்குக் கட்டாதுன்னு போயிட்டேன். வேற எங்கயும் நல்ல நாத்துக் கெடைக்காம நெலம் சும்மாக் கெடக்குது. இப்ப மட்டும் எப்படிங்க தயாரா இருக்குது?"

அக்கா தரையைப் பார்த்தார். நானும் பேசாமல் இருந்திருக்கலாம், அவர் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்.

"உங்க தட்டை நான்தாங்கண்ணா எடுத்துட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெலம் இல்லாமயே இருபதாயிரமா?"

"ஆமாங்கண்ணா."

"அஞ்சையும் ஏத்துங்க. நாளைக்கு நடவு, ஆளு பத்தல. நீயும் வந்து நடு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "போயிட்டு வா" என்றார்.

மறுநாள் முதல் பேருந்தில் மொரப்பூர் போனேன். குழியைப் பறித்து, நாற்றை வேரோடு ஒட்டிய தென்னைநார்க் கட்டியோடு இறக்கி, சுற்றி மண்ணை அமுக்க அங்கிருந்த பெண்கள் காட்டிக்கொடுத்தார்கள். அவர்கள் நான்கு வரிசை முடிப்பதற்குள் நான் ஒன்று முடித்தேன். எல்லோரும் கேலி செய்தார்கள். முதுகு பிளந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தபோது அந்த ஒரு வரிசை நின்றது, கோணல்மாணலாக, உயிரோடு. பெங்களூரில் ஆறு வருடம் வேலை பார்த்ததில் எனக்கு அப்படி ஒரு பெருமை வந்ததே இல்லை.

வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது அக்கா போனில் கூப்பிட்டார்.

"நட்டியா கண்ணு?"

"நட்டுட்டேங்கக்கா" என்றேன்.