நீக்கச் சொன்ன பாத்திரம்

போன ஞாயிறு ரஞ்சினி வந்திருந்தாள். அவளுடைய பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டும். பலெர்மோவில் எந்தத் தமிழருக்கு வதிவிட அனுமதி முடிந்தாலும், படிவம் நிரப்ப என் கதவைத்தான் தட்டுவார்கள். முப்பத்து நான்கு வருடம் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவனுக்கு ஓய்வு எங்கே?

உண்மையைச் சொல்கிறேன் — யாரும் தட்டாத நாட்களில் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். மகள் ஓர் இத்தாலிய அம்மாள் — சிஞ்ஞோரா — வீட்டில் தங்கி வேலை. ஞாயிறு பின்னேரம் வருவாள், சமைத்து வைப்பாள், பஸ் பிடிப்பாள்.

நான் முத்திரை தேடிய நேரத்தில், மேசையில் கிடந்த கடிதத்தை ரஞ்சினி எடுத்து வாசித்துவிட்டாள்.

என் பழைய சகா ஒருவர் — செல்லத்துரை என்று வைத்துக்கொள்ளுங்கள் — ஊரிலிருந்து எனக்காக எழுதும் சரித்திரக் கதை அது. கடிதத்துக்கு ஓர் அத்தியாயம். நான் பிழைகளைச் சிவப்பு மையில் குறித்து அனுப்புவேன். கச்சேரியிலும் அவர் வரைவு எழுதுவார், நான் திருத்துவேன். பழக்கம் லேசில் விடுமா?

இந்த ஒன்பதாம் அத்தியாயம் எனக்கு ஒரே எரிச்சல். கிழட்டு அமைச்சர் ஒருவருக்குக் கண் மங்குகிறது. வைத்தியர் இருப்பதோ கோட்டைக்கு வெளியே. வாசலில் காவலர் மறிக்கிறார்கள்: திரும்பி வரும்வரை பிணைக்கு ஓர் ஆளை வைத்துவிட்டுப் போ. அமைச்சருக்கு யாருமில்லை. கடல் கடந்து வாழும் வணிக நண்பனுக்கு ஊரில் ஒரு தம்பி இருப்பது நினைவுக்கு வருகிறது... அத்தோடு முடிந்தது.

என் குறிப்பின் நகல் கோப்பில் இருக்கிறது: "சோழர் காலத்தில் இத்தகைய நடைமுறை கிடையாது. வணிகனின் தம்பி தேவையற்ற பாத்திரம், நீக்கவும். எழுத்து வரவரப் பெரிதாகிறது, தாள் வீண்."

தபாலில் போட்டு ஆறு வாரம்.

"ஐயா, இதென்ன ராசா கதையோ?" என்றாள் ரஞ்சினி. "இது எங்கட பாஸ் எல்லோ!"

"என்ன பாஸ்?"

"ஐயா எப்ப ஊரை விட்டனீங்கள்?"

சொன்னேன். சிரித்தாள்.

"அது பாஸ் துவங்க முதல். இப்ப அங்கை ஊரை ஆளுறவங்களிட்டை அனுமதிப் பாஸ் எடுக்காமல் வெளிக்கிடேலாது. நான் அம்மாவைப் பிணை வைச்சிட்டுத்தான் வந்தனான். நான் திரும்பிப் போகாட்டி, அவதான் பதில் சொல்லவேணும்."

கடிதத்தை மறுபடி விரித்தாள்.

"கடிதத்தை உடைச்சுப் பாப்பாங்கள் எண்டு ராசாவை எழுதியிருக்கிறார். பாவம், கண் தெரியாமல் எவ்வளவு பெரிய எழுத்து! ஐயா... உங்களுக்குத் தம்பி ஆரும் ஊரிலை இருக்கினமோ?"

"ஓம்" என்றேன்.

"பேந்தென்ன! எல்லாருக்கும் போம் நிரப்புற ஆள். இதையும் நிரப்பிவிடுங்கோவன்."

மறுநாள் தபால் பெட்டியருகே வீட்டுக்கார சிஞ்ஞோராவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய இளமைக் காலத்தில் இங்கும் சர்வாதிகாரி ஒருவர் வாய் திறந்தால் அதுவே சட்டம்.

"நாங்கள் பழைய ரோமச் சக்கரவர்த்திகளைத் திட்டி எழுதுவோம்" என்றார். "தபாலைப் பிரிக்கிறவனுக்குச் சரித்திரத்தில் அக்கறை இல்லை. நண்பனுக்குப் புரியும்."

நண்பனுக்குப் புரியும்! சரித்திரக் கதையை நாம் எதற்காக வாசிக்கிறோம்? செத்துப்போன அரசனைத் தெரிந்துகொள்ளவா? அப்படி நினைத்து வாசிப்பவர் இருவர்தான் — ஒருவர் தணிக்கை அதிகாரி, மற்றவர் நான். அவர் சம்பளத்துக்குச் செய்தார். நான் இலவசமாக.

அந்த வணிகன் நான்தான், வேறு யார்? கடல் கடந்தவன், எல்லா ஓலையும் எழுதத் தெரிந்தவன். ஒரு கிழவன் தன் கண்ணுக்கு உதவி கேட்டான். நான் தாள் கணக்குப் பார்த்தேன்.

பெயர், ஊர், அரசன் எல்லாவற்றையும் மாற்றித்தான் இதை எழுதுகிறேன். அவ்வளவாவது கற்றுக்கொண்டேன்.

அன்றே தம்பிக்கு ஒரு கடிதம்: "செல்லத்துரையைப் போய்ப் பார். கேட்பதைச் செய்." தம்பி போவான். ஆனால் சிவப்புக் குறிப்பு முதலில் போய்ச் சேர்ந்திருக்கும். யாரோ அதை அவருக்கு வாசித்துக் காட்டியிருப்பார்கள். நீக்கவும் என்றால் நீக்கிவிடுகிற மனுஷன் அவர். சேர்ந்து வேலை செய்த முப்பது வருடமும் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. தம்பி வாசலில் நின்றாலும், வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவாரோ?

ஆகவே அவருக்கும் எழுதினேன். கறுப்பு மையில், ஓர் எழுத்து ஒரு விரல் உயரம் வரும்படி: "சரித்திரம் சரி. திருத்தியவன் பிழை. தம்பி அவசியமான பாத்திரம், நீக்க வேண்டாம். அவன் வருகிறான்."

நான்கு தாள் போயிற்று. போகட்டும்.