பதினேழு மணி நேரப் பயணம்

திருச்சியிலிருந்து டொராண்டோவுக்குப் பதினேழு மணி நேரம் என்று கம்ப்யூட்டர் சொன்னது. தூரம் பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அது எங்கும் நிற்காமல் பறந்தால் ஆகும் நேரம், நடுவில் இரண்டு இடத்தில் விமானம் மாற வேண்டும் என்று மகள் போனில் விளக்கினாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குத் தலைப்பிரசவம். வலி எடுக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிக்கெட் செவ்வாய்க்கிழமைக்குக் கிடைத்தது. செவ்வாயன்று வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்பது என் கணவரின் சட்டம். அதற்கு ஒரு வழி உண்டு, பரஸ்தானம். நல்ல நேரத்தில் முன்கூட்டியே புறப்பட்டு வேறொரு வீட்டில் தங்கி, அங்கிருந்து பயணப்படுவது. மற்றவர்கள் பெட்டியை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பி வந்து தூங்குவார்கள். இவர் விடுவாரா?

"பெட்டியா பிரசவம் பார்க்கப் போகுது? நீயும் போ" என்றார்.

திங்கட்கிழமை காலை ராகுகாலம் பிறப்பதற்கு முன், ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர் வீட்டுக்குப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தேன். ரிட்டயரான டீச்சர் ஒருவர் அங்கே தனியாக இருந்தார்.

செவ்வாய் காலை புயல் மழை பிடித்துக்கொண்டது. விமானம் வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கிளம்பியவள் திரும்பி உள்ளே கால் வைத்தால் போகிற காரியம் கெட்டுவிடுமாம். இவர் எங்கள் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றார். டீச்சர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் மாடிக் கொடியில் என் புடவை நனைந்துகொண்டிருந்தது.

"ஏங்க, அந்தப் புடவையையாவது எடுத்து உள்ள போடுங்க!" என்று தெருவைத் தாண்டிக் கத்தினேன்.

டீச்சர் வேளைக்கு வேளை காபி கொடுத்து, "உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்றார். தங்கமான மனுஷி. ஆனால் என் வீடுதான் கண்ணெதிரே இருக்கிறதே, எப்படி நினைப்பது? குளிக்கக் கூச்சம், காலை நீட்டிப் படுக்கக் கூச்சம். அங்கேயும் போக முடியாமல், இங்கேயும் இருக்க முடியாமல் தவித்தேன். இவர் மேல் வந்த கோபத்தை டீச்சர் வீட்டு வெங்காயத்தில் காட்டினேன். ஒரு கிலோவை உரித்துத் தள்ளிவிட்டேன்.

விமானம் தள்ளிப்போனதை மகளிடம் சொல்ல வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தேன். பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் அவளை எதற்குக் கலங்கடிப்பது என்ற நினைப்பு.

புதன்கிழமை காலை மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"அத்தை, பொண்ணு பொறந்திருக்கு. திடீர்னு வலி வந்துடுச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

போனை மகள் முகத்துக்கு நேரே பிடித்தார். தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. நான் இல்லாமலே எல்லாம் முடிந்திருந்தது. அவள் கண்ணைப் பாதி திறந்து என்னைத் தேடினாள்.

"அம்மா, எதுவரைக்கும் வந்திருக்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எதிர் வீடு வரைக்கும் வந்துட்டேன்டி" என்றேன்.