தெளிவான படம்தான் வேண்டுமென்றோம்

கல்லூரிக் கடைசி வருடத்தில் ஆளுக்கொரு ஆவணப்படம் எடுக்கச் சொன்னார்கள். நானும் என் தோழியும் சேர்ந்து ஒன்று எடுப்பதென்று அனுமதி வாங்கினோம். பட்டினப்பாக்கத்திலிருந்து கூடை சுமந்து மயிலாப்பூர்த் தெருக்களில் மீன் விற்ற ஒரு அம்மாவைப் பற்றிய படம். எங்கள் தெருமுனையில் அவர் கூவினால் மாடி வீட்டுக் கதவும் திறக்கும்.

கேமரா வாடகைக்கு எடுக்க தி.நகர் போனோம். கல்யாண வீடியோக்காரர்களுக்குக் கேமரா கொடுக்கும் கடை அது. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று தோளில் வைத்துத் தூக்க வேண்டிய பழைய பெரிய கேமரா. இன்னொன்று உள்ளங்கையில் அடங்கும் புது டிஜிட்டல் கேமரா, அப்போதுதான் வந்திருந்தது. இரண்டிலும் எதிரே பூ விற்றுக்கொண்டிருந்தவரைப் படம்பிடித்து டிவியில் போட்டுக் காட்டினார். பழையதில் பூக்கூடை வெள்ளையாகத் தெரிந்தது. புதியதில் ஒவ்வொரு மொட்டும் தெரிந்தது.

"பீச்சுல எடுக்கப் போறீங்கன்னா பெரிசையே எடுத்துக்கினு போங்கம்மா. அதுல தனி மைக்கு சொருகலாம். சின்னதுல அது கெடையாது, காத்து பூந்துக்கும்" என்றார்.

தோழி என்னைப் பார்த்தாள். "எங்களுக்குப் படம்தான் சார் தெளிவா வேணும்" என்று நான்தான் சொன்னேன்.

மறுநாள் காலை மணலில் உட்கார்ந்து அந்த அம்மா ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே முதல் கூடை தூக்கியது, எல்லாம் சொன்னார். "எங்கொரலக் கேட்டா மனுசாளுக்கு முன்னாடி பூனைங்க வந்து நிக்கும் கண்ணு" என்று சிரித்தார். கேமராவின் சின்னத் திரையில் அவர் மூக்குத்திக் கல் மின்னியது. ஹெட்போன் மாட்டிக் கேட்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

எடிட்டிங் அறையில்தான் கேட்டோம். முழுக்கக் காற்றின் இரைச்சல், அதற்கடியில் எங்கோ ஒரு மனிதக்குரல் இருப்பதுபோல ஒரு முனகல். தோழி மேஜையில் தலைவைத்து அழுதாள். மறுபடி எடுக்க நாளில்லை. அவர் சொன்னதை நினைவிலிருந்து எழுதி, நானே வாசித்து, படத்தின்மேல் ஒட்டினோம். ஒளிப்பதிவைப் பாராட்டி முதல் மதிப்பெண் கொடுத்தார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்த அம்மாவின் மகள் என் வீட்டைத் தேடி வந்தாள்.

"அக்கா, எங்கம்மா பேசுன கேசட்டு ஒண்ணு வேணும். தொண்டையில கட்டின்னு அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரில ஆபரேசன் பண்ணிட்டாங்க. உசுருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இனிமே கொரலு வராதாம்."

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை படத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு பட்டினப்பாக்கம் போனேன்.

பக்கத்து வீட்டு டிவியில் போட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். அந்த அம்மா கழுத்தில் துண்டு சுற்றி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் வாயசைத்ததும் என் குரல் பேசத் தொடங்கியது, அலங்காரமான தமிழில்.

மகள் திரும்பினாள். "இது யாருக்கா பேசுறது?"

"நான்தான்மா."

"எங்கம்மா பேசுனது?"

"காத்து சத்தத்துல கேக்கல. எங்க தப்புதான்."

என் குரல் மட்டும் டிவியில் பேசிக்கொண்டிருந்தது. மகள் எழுந்துபோய் சத்தத்தை அடியோடு குறைத்தாள். பிறகு எல்லோரும் ஊமைப்படமாகவே பார்த்தார்கள். ஓரிடத்தில் அந்த அம்மா மகளின் தொடையைத் தட்டித் திரையைக் காட்டினார். மகள் அந்த வாயசைவைக் கவனித்து, "வஞ்சிரம் கீது, சங்கரா கீதுன்னு கூவுது" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அந்த அம்மா அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டார். மகள் வாசல்வரை வரவில்லை.

தோழிக்கு அப்போது வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. கேசட்டைக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் அவளுக்குக் கடிதம் எழுதினேன். அவர்கள் ரொம்ப சந்தோஷப்பட்டார்களா என்று பதில் வந்தது. அதற்கு நான் மறுகடிதம் போடவில்லை.