கோணேஸ்வரியின் தீவும் குணவதியின் எரிச்சலும்

ரொறன்ரோவின் பார்க்டேலில் தேர்தல் என்றால் குணவதி என்று ஒரு காலம் இருந்தது. ஜேம்சன் அவெனியூவின் இரண்டு பக்கமும் நிற்கிற அடுக்குமாடிகளில் எந்தக் கதவுக்குப் பின்னால் எந்த ஊர்க்காரர் இருக்கிறார்கள், யாருக்கு இரவு வேலை, யாரைக் காலையில் எழுப்பினால் ஏச்சு விழும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வயதானோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை முடிந்ததும் கைப்பையோடு அப்படியே மாடி மாடியாக ஏறத் தொடங்குவாள். கட்சியில் சேரக் குடியுரிமை வேண்டியதில்லை, அகதி வழக்கு முடியாதவர்களும் சேரலாம், வேட்பாளரை நியமிக்கும் கூட்டத்தில் வாக்கும் போடலாம் என்று அந்தச் சனத்துக்கு முதன்முதலில் விளங்கப்படுத்தியவள் அவள்தான்.

கூட்டத்து நாளில் மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ்கள் வந்து நிற்கும். குணவதி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்களை ஏற்றுவாள். அவள் ஏற்றிவிட்ட சனத்தின் வாக்கில் யாரோ ஒருவர் வேட்பாளராவார். மேடையில் அவர் பக்கத்தில் கோட் அணிந்து நிற்பவர் கிறிஸ்துநாயகம். குயின் வீதியில் காப்புறுதி அலுவலகம் வைத்திருந்தவர். அந்தத் தொகுதியில் தமிழர்களின் வாக்கு தன் கைக்குள் இருப்பதாகக் கட்சிக்காரரை நம்பவைத்திருந்தார். பெரிய மாநாடுகளுக்குப் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்யும்போதெல்லாம் அவர் பெயரும் அவர் மனைவி மக்டலீனின் பெயரும் பட்டியலில் இருக்கும்.

குணவதியைக் கண்டால், அவள் கேளாமலே, "உங்களை அடுத்தமுறை பாப்பம் தங்கச்சி" என்பார்.

குணவதியும் "அதுக்கென்ன அண்ணை" என்று சொல்லிவிட்டு வருவாள். அவளுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை, 1996ஆம் ஆண்டு வைகாசியில் கோணேஸ்வரியிடமிருந்து அந்தத் தொலைபேசி அழைப்பு வரும்வரைக்கும்.

கோணேஸ்வரி திருகோணமலைக்காரி. ஆசிரிய கலாசாலையில் இருவரும் ஒரே அறையில் இருந்து படித்தவர்கள். விடுதித் தலைவிக்குத் தேர்தல் நடந்தபோது கோணேஸ்வரிக்காக ஒவ்வொரு அறையாகப் போய் வாக்குக் கேட்டவள் குணவதி. கோணேஸ்வரி வென்று, வார்டனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். பிறகு கணக்கு வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டு நைஜீரியாவுக்குப் போனாள். அங்கே சம்பளம் ஒழுங்காக வராமல் போகவே, கரீபியன் கடலில் அமெரிக்காவுக்குச் சொந்தமான வேர்ஜின் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சென்ற் தோமஸ் என்ற தீவில் இருவருக்கும் பள்ளிக்கூட வேலை. அமெரிக்கக் குடியுரிமையும் கிடைத்தது.

"குணம், நான் சிக்காகோவுக்குப் போறன்" என்றாள் கோணேஸ்வரி. "என்னை டெலிகேற்றாத் தெரிஞ்சிருக்கினம்."

"டெலிகேற்றோ? எதுக்குப் பிரதிநிதி?"

"ஜனாதிபதி வேட்பாளரை நியமிக்கிற மாநாட்டுக்கு. போன வருசம் புயலடிச்சு எங்கடை பள்ளிக்கூடக் கூரை பறந்ததெல்லே? முற்றத்திலை கல்லு வைச்சு அந்தப் பக்கத்துச் சனத்துக்கெல்லாம் சமைச்சுக் குடுத்தனான். இப்ப கட்சிக் கூட்டத்திலை ஆரோ என்ரை பேரைச் சொல்ல, எல்லாரும் கையைத் தூக்கிப் போட்டினம்."

"சந்தோசம்" என்றாள் குணவதி. வாய் அதைச் சொன்னது. தொலைபேசியை வைத்துவிட்டு, துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள்.

அவளுடைய கணவர் குலசிங்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். அவரைத் தவிர அவளுக்கு வேறு யாரிடம் போய்ச் சொல்ல இருக்கிறது?

"புயலுக்குச் சோறு காய்ச்சினவவாம். நான் பத்து வருசமாப் படி ஏறி இறங்குறன், எனக்கு முழங்கால் வருத்தம்தான் மிச்சம். அந்தத் தீவிலை எத்தினை சனம் இருக்கும்? எங்கடை பார்க்டேல் அளவு வருமோ?"

"சனம் எத்தினை எண்டாலும் மாநாட்டிலை கதிரை கதிரைதானே" என்றார் குலசிங்கம், சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே.

அன்றைக்கு அவருக்கு இரண்டாம் முறை குழம்பு கிடைக்கவில்லை.

ஓகஸ்ட் கடைசியில் மாநாடு நடந்தது. ஒவ்வொரு மாநிலமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எத்தனை வாக்கு யாருக்கு என்று கேட்கிற நிகழ்ச்சியை அமெரிக்கத் தொலைக்காட்சி காட்டியது. குணவதி பார்ப்பதில்லை என்று முடிவு எடுத்திருந்தாள். ஆனால் சரியான நேரத்துக்குச் சோபாவில் வந்து உட்கார்ந்திருந்தாள். ஆங்கில எழுத்து வரிசையில் கூப்பிட்டதால், பெரிய மாநிலங்களெல்லாம் முடிந்துதான் அந்தத் தீவின் முறை வந்தது. அதற்குள் வெல்லவேண்டிய வாக்கு எப்போதோ சேர்ந்துவிட்டது. போட்டிக்கும் யாருமில்லை.

"முடிஞ்ச கலியாணத்துக்கு மொய் எழுத நிக்கினம்" என்றாள் குணவதி.

அப்போதுதான் திரையில் கோணேஸ்வரி தெரிந்தாள். கறுப்பினத்தவரான உயரமான ஒரு மனிதர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, தங்கள் தீவின் கடலையும் வெயிலையும் புயலுக்குப் பிறகு எழும்பி நிற்கிற சனத்தையும் புகழ்ந்தார். அவருக்குப் பக்கத்தில் மாம்பழ நிறப் பட்டுச் சேலையோடும், தலையில் ஓலைத் தொப்பியோடும் கோணேஸ்வரி கை காட்டிச் சிரித்தாள். அரங்கம் முழுக்க ஆரவாரம். அந்தச் சின்னத் தீவுக்கும் பெரிய மாநிலத்துக்குக் கிடைத்த அதே கைதட்டல். குணவதிக்குக் கண் கலங்கியது. சந்தோசத்தில் என்றுதான் குலசிங்கம் நினைத்தார்.

மாநாடு முடிந்ததும் கோணேஸ்வரி ரொறன்ரோவுக்கு வந்து குணவதி வீட்டில்தான் தங்கினாள். வந்த அடுத்த நாள் காலை, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தபோது குணவதி கேட்டாள், "அப்ப நவம்பரிலை ஜனாதிபதித் தேர்தலுக்கும் உங்கடை தீவிலை பெரிய ஆரவாரமா இருக்கும் என்ன?"

கோணேஸ்வரி சற்றுத் தயங்கினாள். "நவம்பரிலை எங்களுக்கு வோட் இல்லை, குணம். நாங்கள் மாநிலம் இல்லை, வெறும் ஆள்புலம். வேட்பாளரை நியமிக்கிறது கட்சியின்ரை வேலை எண்டபடியாக் கட்சி எங்களையும் கூப்பிடும். ஜனாதிபதியைத் தெரியிறது மாநிலத்துக்காரர் மட்டும்தான். நான் சிட்டிசன்தான். ஆனா அந்தத் தீவிலை இருக்கிற வரைக்கும் எனக்கு அந்த வோட் இல்லை. சில நேரம் வெக்கமாக்கூட இருக்கும்."

"அப்பிடியே?" என்றாள் குணவதி. பல மாதங்களாக மனதில் கனத்துக் கிடந்தது அந்த ஒரு சொல்லோடு கீழே இறங்கியதுபோல இருந்தது அவளுக்கு. அன்று வடைக்கு அரைத்த மாவில் உப்புக்கூட அளவாக விழுந்தது.

அன்று மாலை கிறிஸ்துநாயகம், தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தில் கோணேஸ்வரிக்கு வரவேற்பு ஒழுங்கு செய்திருந்தார். தமிழ்ப் பெண்ணொருத்தி அமெரிக்க மாநாட்டில் வாக்குச் சொல்லிவிட்டு வந்தால் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? மண்டபம் நிறைந்துவிட்டது. குணவதிக்கு அவர் கொடுத்த வேலை வடையும் தேநீரும். பொன்னாடை போர்த்தியவர் மக்டலீன்.

கோணேஸ்வரி நன்றாகத்தான் பேசினாள். அலட்டல் இல்லாமல், புயலையும் கூட்டத்தையும் சிக்காகோவையும் சொன்னாள். சனம் வாய் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. தேநீர் மேசைக்குப் பின்னால் கையில் கரண்டியோடு நின்ற குணவதிக்கு அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க உடம்பு கொதித்தது. அவள் கதவு கதவாகத் தட்டிச் சேர்த்த முகங்கள் அவை.

கேள்வி கேட்கலாம் என்று கிறிஸ்துநாயகம் சொன்னதும் முதல் குரல் மண்டபத்தின் பின்னாலிருந்து வந்தது.

"நவம்பரிலை நடக்கிற ஜனாதிபதித் தேர்தலிலை நீங்கள் ஆருக்கு வோட் போடுவியள் எண்டு சொல்லுங்கோவன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோணேஸ்வரியும் பார்த்தாள். குணவதியைக் கண்டதும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"எனக்கு வோட் இல்லை" என்றாள்.

மண்டபத்தில் சலசலப்பு. யாரோ சிரித்தார்கள். வேட்பாளரை நியமிக்கப் போனவளுக்கு வாக்கே இல்லையாமா என்று முன் வரிசையில் ஒருவர் பக்கத்தவரிடம் கேட்டார். கிறிஸ்துநாயகம் மேடையில் நெளிந்தார். குணவதி தேநீர்க் குவளைகளை அடுக்கத் தொடங்கினாள். உள்ளே ஒரு இனிப்பு.

கோணேஸ்வரி அவசரப்படவில்லை. மாநிலத்துக்கும் தீவுக்கும் உள்ள வித்தியாசத்தை, காலையில் சமையலறையில் சொன்னதுபோலவே விளங்கப்படுத்தினாள். பிறகு கேட்டாள், "இஞ்சை சிட்டிசன் கிடைக்காத ஆக்கள் கையைத் தூக்குங்கோ பாப்பம்."

தயங்கித் தயங்கிக் கைகள் எழுந்தன. பாதி மண்டபத்துக்கு மேல்.

"உங்களிலை எத்தினை பேர் கட்சிக் கூட்டத்திலை வோட் போட்டு ஒரு வேட்பாளரைத் தெரிஞ்சியள்?"

அதே கைகள் இறங்கவில்லை.

"அப்ப நீங்களும் நானும் ஒண்டுதான். பெரிய தேர்தல் எங்களைக் கேளாது. கட்சி எண்டாலும் எங்களைக் கேக்குது. கேக்கிற இடத்திலை நாங்கள் வாயைத் திறக்கவேணும். அதுக்குத்தான் நான் சிக்காகோவுக்குப் போனனான்."

அவர்கள் தட்டிய கை, சிக்காகோவில் கேட்டதைவிடக் கூட இருந்திருக்கும். எழுந்து நின்றே தட்டினார்கள். குணவதி கொடுத்த அடி, கோணேஸ்வரிக்கு மாலையாக விழுந்துவிட்டது. அந்தக் கைகளையெல்லாம் கட்சிக்குள் கொண்டுவந்தவள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது குணவதி இரண்டடி முன்னாலேயே போனாள். குலசிங்கம் நிலைமையை உணர்ந்து, பால் வாங்க வேண்டும் என்று கடைப்பக்கம் திரும்பிவிட்டார். லிஃப்டுக்குள் வைத்துத்தான் கோணேஸ்வரி வாய் திறந்தாள்.

"காலமை உன்னை நம்பிச் சொன்னனான்."

"தெரியும்."

"அப்ப ஏன்?"

குணவதி மாறுகிற மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எரிச்சல்தான். வேறை என்ன? எல்லா இடத்திலையும் நீ கதிரையிலை, நான் கதவடியிலை. ஹொஸ்ரலிலையும் அதுதான். நான் ஓடித் திரிஞ்சு வோட் சேர்த்தன், நீ போய் இருந்தாய்."

"நான் ஓடச் சொன்னனானே?" கோணேஸ்வரியின் குரலும் ஏறிவிட்டது. "நீயாத்தானே ஓடினாய்! நீ உனக்காகக் கேட்டிருந்தா எனக்கெண்டு ஒருத்தரும் வோட் போட்டிருக்க மாட்டினம், உன்னைத்தான் எல்லாருக்கும் தெரியும். தலைவிக்கு ஆர் ஆர் பேர் குடுக்கிறியள் எண்டு வார்டன் கேக்க, நீ குனிஞ்சுகொண்டு இருந்தாய். இப்ப சொல்லு, இந்தப் பத்து வருசத்திலை ஒருநாளாவது உன்ரை பேரைக் குடுத்தனியே?"

லிஃப்ட் கதவு திறந்தது. குணவதி முதலில் இறங்கிப் போனாள். கிறிஸ்துநாயகம் தடுத்தார் என்று சொல்லலாம். ஆனால் அவரிடம் அவள் ஒருநாளும் கேட்டதேயில்லை. அவராக அழைப்பார் என்று காத்திருந்தாள். அழைக்காதபோது மனதுக்குள் திட்டினாள். மன்னிப்பும் அவள் கேட்கவில்லை. மறுநாள் கோணேஸ்வரியை விமான நிலையத்தில் இறக்கிவிட்டபோது, மிளகாய்த்தூள் பொதி ஒன்றை அவள் கைப்பைக்குள் திணித்தாள். கோணேஸ்வரி எடுத்துக்கொண்டாள்.

அந்த இலையுதிர் காலத்தில் குணவதியின் கட்சி, மாகாண மட்டத்தில் புதிய தலைவரைத் தெரிவுசெய்ய இருந்தது. தொகுதிதோறும் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்து மாநாட்டுக்கு அனுப்பவேண்டும். பெண்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் இருந்தன. கிறிஸ்துநாயகம் வழக்கம்போலத் தன் பட்டியலோடு குணவதிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பஸ் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரும், தங்கச்சி. சனத்தை ஆயத்தமா நிக்கச் சொல்லுங்கோ."

"சொல்லுறன் அண்ணை. நானும் பேர் குடுத்திருக்கிறன்."

"எதுக்கு?"

"டெலிகேற்றுக்கு."

"அக்காவின்ரை பேர் எல்லோ இருக்கு" என்றார் அவர். மக்டலீனைத்தான் சொன்னார்.

"அக்காவும் கேக்கட்டும். நானும் கேக்கிறன்."

அந்த வாரம் அவள் படியேறியபோது முழங்கால் எப்போதையும்விட நொந்தது. முதல் கதவில் வார்த்தை வரவில்லை. இன்னொருவருக்காகக் கேட்டுப் பழகிய வாய்க்கு "எனக்குப் போடுங்கோ" என்பது கூசியது. மட்டக்களப்பிலிருந்து வந்த வீரக்குட்டி என்ற முதியவர்தான் அவளுடைய திணறலைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தானே கேக்கிறீங்க பிள்ளை? அதை முதலே கேட்டிருக்கலாமே" என்றார். அடுத்த கதவில் குரல் கொஞ்சம் தெளிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பது மாடியும் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவளே சனத்தை ஏற்றினாள். மக்டலீனின் உறவினர்களையும் கையைப் பிடித்து ஏற்றினாள். வாக்கு எண்ணியபோது குணவதி வென்றிருந்தாள். அள்ளிக்கொண்டு வெல்லவில்லை, மக்டலீனைவிடக் கொஞ்சம்தான் கூட. கிறிஸ்துநாயகம் வந்து கைகொடுத்தார். "எனக்கு முதலே சொல்லியிருந்தா நானே பட்டியலிலை போட்டிருப்பன்" என்றார். அது உண்மையாகக்கூட இருக்கலாம் என்று நினைத்தபோதுதான் குணவதிக்கு அழுகை வந்தது.

அன்றைக்கே சென்ற் தோமசுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள்.

"மெய்யே!" என்று கத்தினாள் கோணேஸ்வரி. கணவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். எத்தனை வேட்பாளர்கள், எந்த அரங்கு என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு, குரல் கொஞ்சம் தாழ்ந்து, "போட்டி எண்டா உண்மையான போட்டி என்ன? எங்களுக்கு முடிவு போக முதலே தெரியும்" என்றாள்.

"ஓம், இது கடும் போட்டி."

"அதுக்குப் பிறகு பொதுத் தேர்தல் வந்தா, அதிலையும் நீ போடுவாய்."

"போடுவன். எனக்குச் சிட்டிசன் கிடைச்சு மூண்டு வருசமெல்லே."

"உனக்குக் குடுத்து வைச்சிருக்கு, குணம்."

அந்தக் குரலில் இருந்தது என்ன என்று குணவதிக்கு உடனே தெரிந்துவிட்டது. அவளைவிட அதை நன்றாக அறிந்தவர் யார்? வைகாசியில் தன் வாய் "சந்தோசம்" என்று சொன்ன அதே மாதிரி. அவளுக்கு அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும்போலவும் இருந்தது.

"மாநாட்டுக்கு என்ன சேலை உடுக்கலாம், கோணேஸ்?" என்று கேட்டாள்.