திருவனந்தபுரத்தில் மணி உருட்டிய பகல்

2007 ஓணம் விடுமுறைக்கும் அக்கா மகள் செல்வி ஊருக்கு வரவில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். "என்னதான் பண்ணுதான்னு பாத்துட்டு வா" என்று அக்கா என்னை அனுப்பினாள். நான் எட்டாவதோடு நின்றவன். கண்ணில் பட்டதைத்தான் எழுத முடியும்.

நாகர்கோவிலில் காலை ஆறரைக்குப் பஸ். எழுபது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், முப்பத்தைந்து ரூபாய். தம்பானூரில் இறங்கி, பழவங்காடிப் பிள்ளையாருக்குச் செல்வி பேரில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். "மீட்டர் கேடாணு" என்றார் டிரைவர், பழுது என்கிறார். "வண்டி ஓடும்லா?" என்றேன். சிரித்துக்கொண்டே ஐந்து ரூபாய் குறைத்து, இருபது வாங்கினார்.

செல்வியும் அவள் தோழி பீனாவும் ஒரு கண்ணாடிக் குவளையில் எண்ணெயை மோட்டார் வைத்துக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் கடல்பாசிப் பசையை ஊற்றினால் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடையுமாம். வேகம் கூடினால் துளி சிறுக்கும், குறைந்தால் பெருக்கும். பிறகு கால்சியம் உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் துளிகள் மணிகளாக இறுகும். அந்த மணிகளுக்குள் என்சைம் என்கிற நொதியை அடைத்துவிட்டால், ஒரு வேலை முடிந்ததும் வடித்தெடுத்துத் திரும்பவும் பயன்படுத்தலாம். மூன்று மணிக்கு டீச்சர் வருவார். மணிகள் ஒரே அளவில் இருந்தால்தான் நொதிக் குப்பியைத் தருவார். இல்லையென்றால் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்குப் போய்விடும்.

"ஏ மக்ளே, அப்பளம் பொரிக்கவா இவ்வளவு படிச்ச?" என்றேன். செல்வி சிரித்ததில் கை ஆடி, உப்புநீர் மொத்தமாக விழுந்தது. எல்லாம் கட்டியாகிவிட்டது. பசை இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது.

"மாமன் இனி மிண்டக் கூடாது, கேட்டோ" என்று பீனா ஒரு ஸ்டூலைக் காட்டினாள்.

உட்கார்ந்தேன். அவர்கள் மிச்சப் பசையை ஊற்றி மறுபடி தொடங்கினார்கள். வாயை மூடியவனுக்கு வேறு வேலை ஏது? மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் அதன் இறக்கைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. விசிறியைக் காட்டிக் கையசைத்தேன்.

"மாமா, கோமாளித்தனம் பண்ணாதிய" என்றாள் செல்வி, சொட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"செல்வி, கரண்ட் இறங்குது. மோட்டாரப் பாரு."

மக்ளே என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாலோ என்னவோ, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அதில் சிரிப்பு இல்லை. உடனே மோட்டாரின் குமிழைத் திருகி வேகத்தைப் பழைய எண்ணுக்குக் கொண்டுவந்தாள்.

டீச்சர் நுண்ணோக்கியில் வெகு நேரம் பார்த்தார். பிறகு எனக்கும் காட்டினார். சலித்தெடுத்த கடுகு போல எல்லாம் ஒரே அளவு. குப்பி செல்வி கைக்கு வந்தது.

திரும்பும் பஸ் ஐந்தே கால் மணிக்கு. கூட்டத்துக்கு முன்னால் போனால் ஜன்னலோரம் கிடைக்கும். கல்லூரிப் பக்கம் நல்ல சாப்பாட்டுக் கடை இல்லை, பழவங்காடியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிக்கூடம் பார்க்கப் போகிற என்னைப் போன்ற வாயாடிகளுக்கு ஒன்று: சிரிக்காத முகம் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். ஒரே ஒரு தடவைதான் தேவைப்படும், ஆனால் அப்போது பார்ப்பவர் அதை நம்ப வேண்டும்.

அக்காவிடம் வந்து சொன்னேன்: "ஒம்மவ நல்லா இருக்கா. எண்ணெயக் கலக்குதா." நான் கேலி செய்வதாக நினைத்து அவள் இன்னும் நம்பவில்லை.