தொழுவத்துக்கு மேலே சர்க்கார் கொம்பு

கரமனை ஆற்றுக்கு அக்கரையில் எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு சின்னத் தோட்டம் இருந்தது. அதில் இருந்த தென்னை, மா, பலா, முருங்கை எல்லாம் எங்களுடையவை. நடுவில் நின்ற தேக்கு மட்டும் மகாராஜாவுடையது. திருவிதாங்கூரில் அப்போது சட்டம் அப்படி. தேக்கும் சந்தனமும் யாருடைய மண்ணில் முளைத்தாலும் சர்க்கார் சொத்து. அதற்கு ராஜ மரம் என்று பெயர். மண்ணுக்குச் சொந்தக்காரன் தண்ணீர் ஊற்றலாம், சருகு கூட்டலாம், நிழலில் நிற்கலாம். கத்தி மட்டும் வைக்கக் கூடாது.

அந்த மரத்தைப் பார்த்துத்தான் அப்பா நிலத்தை வாங்கினார். விற்றவர் அந்த மரத்துக்குப் பயந்துதான் விற்றார் என்பது சாலைக் கடைத்தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். அப்பாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருப்பார்.

அப்பா சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலம் கோட்டும் தலைப்பாகையும் குடையுமாகப் படி ஏறி வந்தால் முதலில் மரத்தைப் பார்ப்பார், பிறகு மாட்டை, கடைசியில் எங்களை. வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் மரத்தடிக்கு அழைத்துப் போய்விடுவார்.

"இது நம்ம மரம் இல்ல கேட்டேளா. பொன்னுதம்புரானுக்க மரமாக்கும்."

வந்தவர்கள் மரியாதைக்காக அண்ணாந்து பார்ப்பார்கள். எங்கள் ஆடு அதன் மேல் முதுகைத் தேய்த்தால் அப்பாவுக்குப் பொறுக்காது. குடையை ஓங்கிக்கொண்டு போவார். அதில் ஊஞ்சல் கட்ட எங்களுக்கு அனுமதி கிடையாது. ராஜ்யத்தையே அவர் பெயருக்கு எழுதி வைத்திருந்தால்கூட அவ்வளவு பொறுப்பாகப் பார்த்திருக்க மாட்டார்.

அம்மா நாகர்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பம். அவளுக்கு அந்த மரத்தின் மேல் காசளவு மதிப்புக் கிடையாது. "காய்க்கவும் செய்யாது, எரிக்கவும் விடமாட்டா. இதுக்கு என்னத்துக்கு இத்தனை உபசாரம்?" என்பாள். வருஷத்தில் ஒரே ஒரு பருவத்தில்தான் அவளுக்கும் மரத்துக்கும் சமாதானம். மாசி பிறந்தால் தேக்கு இலையெல்லாம் கொட்டிவிடும். ஒவ்வொரு இலையும் முறம் மாதிரி இருக்கும். கிணற்றில் விழும், கூரையில் விழும், ஒருநாள் ஆட்டின் தலையில் விழுந்து அது பேய் பிடித்த மாதிரி ஓடியது. ஆனால் இலை போனதும் தோட்டத்துக்குள் வெயில் இறங்கும். அந்த வெயிலுக்காக அம்மா வருஷம் முழுக்கக் காத்திருப்பாள்.

மாசிப் பௌர்ணமிக்குச் சேனை நடுவாள். நிலா மாதிரி கிழங்கு உருண்டு வரும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள், அம்மாவும் நம்பினாள். அப்புறம் வெண்டை, பயறு, பாகல். ஆற்றோரச் சரிவில் வெள்ளரிக் கொடி. சித்திரை விஷுவன்று விடிந்ததும் முதலில் கண்ணில் படும்படி கணி வைக்க மஞ்சளாகப் பழுத்த வெள்ளரி வேண்டும். கடையில் வாங்கினால் அவளுக்குக் கௌரவக் குறைச்சல். பங்குனியில் கொன்றை பூத்து மதில் ஓரம் முழுக்க மஞ்சள் தொங்கும். மாம்பிஞ்சு உதிரும், பலாவில் மூசு என்று பிஞ்சு வைக்கும். பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலியைத் தாண்டி வந்து விதைகளைக் கிளறும். அம்மா கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள். ஒரு தரம் அப்பாவின் செருப்பு அந்த வீட்டுக் கிணற்றில் போய் விழுந்தது.

அந்த வருஷம் எங்கள் பசு சினையாக இருந்தது. பிறந்த வீட்டிலிருந்து அம்மா கூட்டிக்கொண்டு வந்த பசு அது. முந்தின ஈற்றில் கன்று செத்துப் பிறந்து, பசுவும் கன்றும் இரண்டும் போய்விடும் என்று வைத்தியர் கைவிட்டு, பசு மட்டும் தேறியது. இந்தத் தடவையாவது கன்று உயிரோடு தரையில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

இலை உதிர்ந்த பிறகுதான் கண்ணில் பட்டது. தேக்கில் ஒரு பெரிய கொம்பு பட்டுப்போயிருந்தது. பட்டை உரிந்து, மரங்கொத்தி பொத்தல் போட்டு, தொழுவத்தின் ஓலைக் கூரைக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டு நின்றது. சித்திரையில் பசு ஈன வேண்டும். பங்குனிக் கடைசியிலிருந்தே காற்றோடு கோடை மழை வரும். கொம்பு எப்போது வேண்டுமானாலும் கீழே வரலாம்.

"கேட்டியளா, தொழுவத்துக்க மேல நிக்குத கொம்பு பட்டுப்போச்சு. வெட்டாண்டாமா?" என்றாள் அம்மா.

"மனு கொடுக்கணும்" என்றார் அப்பா.

"மனு கொடுத்தா கொம்பு விழாம நிக்குமா?"

"சர்க்காருக்க அனுவாதம் இல்லாம தொட முடியாது. சட்டமாக்கும்."

"அப்பம் பசுவை முன்னால வராந்தாவில கெட்டட்டா?"

"ஆபீஸ்ல உள்ளவங்க வந்துபோற இடம். அங்கையா?"

அப்பா மனு எழுதினார். மலையாளத்தில், நல்ல தடித்த காகிதத்தில், மேற்படி மேற்படி என்று வரிக்கு இரண்டு போட்டு எழுதி, எங்களை உட்கார வைத்து வாசித்துக் காட்டினார். தாம் எழுதியதை வாசித்துக் காட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது. அவர் வேலை பார்த்த அதே ஆபீசுக்குத்தான் மனு போக வேண்டும். ஆனால் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு போனால் அது சலுகை ஆகிவிடுமாம். ஸ்டாம்பு ஒட்டி அஞ்சலில் போட்டார்.

கொஞ்ச நாளில் பதில் வந்தது. அம்மாவுக்கு மலையாள எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நான்தான் வாசித்துச் சொன்னேன். வந்தது அனுமதி அல்ல, கேள்விகள். கொம்பு முழுவதும் பட்டதா, பாதி பட்டதா? மரம் முதலில் நின்றதா, தொழுவம் முதலில் நின்றதா? ராஜ மரத்தின் கீழே மனுதாரர் தொழுவம் கட்டியது என்ன எண்ணத்தில்? பசுவை வேறு இடத்தில் கட்ட என்ன தடை? பசு ஈனும் என்பதற்கு என்ன ஆதாரம்?

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பசு ஈனும்ங்கதுக்கு ஆதாரமா? எந்தக் கட்டையில போவான் இதை எழுதினான்?"

அப்பா அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றார்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வேடிக்கை பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. துண்டால் காலைத் துடைத்தபடி விளக்கினார். "மரம் சம்பந்தப்பட்ட மனு எல்லாம் எனக்க மேசைக்குத்தான் வரும். சொந்த வீட்டு மனுன்னு விட்டுக்கொடுக்க ஒக்குமா? நாலு பேரு என்ன பேசுவா? மத்தவங்களுக்கு ரெண்டு கேள்வி கேப்பேன். நமக்கு அஞ்சு கேட்டிருக்கேன்."

அந்த அஞ்சில் அவருக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாமே கேட்ட கேள்விகளுக்குத் தாமே பதில் எழுத உட்கார்ந்தார். நடுவில் பேனாவை வைத்துவிட்டு, "அந்த மூணாவது கேள்வி கொஞ்சம் கடுப்பம்தான்" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஆபீஸ் எவ்வளவு கண்டிப்பானது என்பதில் அவருக்கு மெய்யான வருத்தமும் இருந்தது, மரியாதையும் இருந்தது.

பதிலை அஞ்சலில் போட்டார். ஆபீசில் அதைப் பிரித்துப் படித்தார். திருப்தியில்லை. மனுதாரரின் விளக்கம் தெளிவாக இல்லை என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார். வீட்டில் அதை வாங்கி வாசித்துவிட்டு, "சரிதான், தெளிவு போராது" என்று ஒப்புக்கொண்டார். இப்படியே பங்குனிக் கடைசி வந்துவிட்டது. வெள்ளரி பழுக்க ஆரம்பித்தது. பசுவின் மடி இறங்கிவிட்டது. கொம்பும் மனுவும் அந்தரத்தில் நின்றன.

முதல் கோடை மழை ஒரு மத்தியானம் வந்தது. காற்று அடித்த அடியில் கொம்பின் நுனி முறிந்து, ஓலையைப் பொத்துக்கொண்டு, பசுவின் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது பசு நடுங்கிக்கொண்டு நின்றது. அம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவள் அழுததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். அந்த நேரத்தில் அப்பா எதிரே இருந்திருந்தால் நானே ஏதாவது எடுத்து எறிந்திருப்பேன்.

மறுநாள் அப்பா ஆபீசுக்குப் போனதும் அம்மா தென்னை ஏறுகிறவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அய்யோ அம்மா, சர்க்காருக்க மரத்தில கத்தி வச்சா ஜெயிலாக்கும். எனக்குப் பிள்ளை குட்டி உண்டு."

"கத்தி வைக்காண்டாம். கயிறு கெட்டலாமா?"

அவர் யோசித்தார். "கயிறு கெட்டக் கூடாதுன்னு நியமம் இல்லல்லோ."

ஏறிக் கொம்பின் முனையில் வடக்கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கினார். அத்தோடு தம் வேலை முடிந்தது என்று மதிலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். அம்மா பசுவை அவிழ்த்துத் தென்னை மூட்டில் கட்டினாள். புல்லறுக்க வருகிற பெண்ணும் அம்மாவும் நானும் சரிவில் இறங்கி நின்று கயிற்றைப் பிடித்து இழுத்தோம். இரண்டு முறை ஆடிக் கொடுத்தது. மூன்றாவது இழுப்பில் பெரிய சத்தத்தோடு முறிந்து, தொழுவத்தைத் தொடாமல், நேராக வெள்ளரிக் கொடியின் மேல் வந்து விழுந்தது. கணிக்கென்று அம்மா ஓலை போட்டு மூடிவைத்திருந்த வெள்ளரி கூழாகிவிட்டது. அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோடாலியை எடுத்துவந்து கொம்பைத் துண்டு போட ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா படி ஏறி வந்து வழக்கம்போல மரத்தைப் பார்த்தார். தொழுவத்துக்கு மேலே வெறும் ஆகாசம். குடையை மடக்காமலே ரொம்ப நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, ஒன்றும் கேட்காமல், அம்மா காய்ச்சி வைத்திருந்த வெந்நீரில் குளித்தார். ராஜ மர விறகில் கொதித்த வெந்நீர் அது. நன்றாக நுரை வரத் தேய்த்துக் குளித்தார். அப்புறம் மேசையில் உட்கார்ந்து ஏதோ எழுதினார். எழுதியதை அன்றைக்கு வாசித்துக் காட்டவில்லை. அது எங்களுக்கெல்லாம் பயமாக இருந்தது. ராஜ மரத்தில் கை வைத்தது வெளியே தெரிந்தால் அவர் உத்தியோகமே போய்விடும் என்று எனக்கே தெரியும்.

அடுத்த நாள் விடியும்போது பசு ஈன்றது. கிடாரிக் கன்று. விழுந்து விழுந்து எழுந்து கடைசியில் நின்றுவிட்டது. அம்மா அதன் முகத்தைத் துடைத்துவிட்டு, அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கன்றைப் பார்க்க அப்பாவும் வந்தார். தொழுவத்துக்குள் காலை வைக்கவில்லை.

மாசியில் போட்ட மனுவுக்குச் சித்திரை வரை நடந்து வந்த சர்க்கார், குற்றம் என்றதும் ஓடியே வந்தது. சீம்பால் வற்றுவதற்கு முன்னால் ஓர் உத்தியோகஸ்தர் கையில் காகிதத்தோடு முற்றத்தில் வந்து நின்றார். மலையாளி; எங்களுக்காகத் தமிழில் பேசினார். அப்பா எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை வாசித்தார். மேற்படி மரத்தின் மேற்படி கொம்பை, குடும்பத்தார் அறியாத சமயத்தில், யாரென்று தெரியாத ஆள் அபகரித்துப் போனதாக அதில் இருந்தது.

"அம்மே, ஆரு செய்ததுன்னு அறியுமோ?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்" என்றாள் அம்மா. "யாரென்று தெரியாத ஆளா? இந்த வீட்டில இத்தனை வருஷமா சோறு பொங்கிப் போடுதேன். நான்தான் வலிச்சுப் போட்டேன்னு எழுதிக்கிடுங்க."

உத்தியோகஸ்தர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதெப்படி எழுதறது? ரிப்போர்ட்டில அறியாத்த ஆளுன்னாக்கும் உள்ளது. மாத்தணும்னா எழுதின ஆளு மனு கொடுக்கணும்." அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த மனு சார் மேசைக்குத்தானே வரும்."

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. பேச்சை மாற்ற உத்தியோகஸ்தர் கொம்பு எங்கே என்று கேட்டார்; அது சர்க்கார் சொத்து அல்லவா. அம்மா அடுக்களைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் அடுப்புச் சாம்பலைக் காட்டினாள். "பாக்கி பயத்தஞ்செடிக்குத் தூவியாச்சு. இதை அளந்து எடுத்துக்கிடுங்க." அவர் அளக்கவில்லை. வெல்லமும் ஏலமும் போட்டு அவித்த சீம்பாலை ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, விசாரித்ததில் ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா ஆயுசில் சர்க்கார் காகிதத்தில் எழுதிய பொய் அது ஒன்றுதான். அம்மாவைக் காப்பாற்ற எழுதினாரா, தம் உத்தியோகத்தைக் காப்பாற்றவா என்று நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இருக்கும். அம்மா இதையெல்லாம் யோசிக்கவில்லை. உத்தியோகஸ்தர் படி இறங்கியதும் இன்னொரு கிண்ணத்தில் சீம்பாலை எடுத்து வந்து அப்பா முன்னால் வைத்தாள்.

"யாரோ தெரியாத ஆளு அவிச்சதாக்கும். திங்கலாமா, இல்ல மனு போட்டுக் கேக்கணுமா?"

அப்பா கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். சாப்பிடவில்லை. எங்களுக்கே சரியாகக் கேட்காத குரலில், "யாரு அவிச்சதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும்னா அந்த ரிப்போர்ட்டில எழுதியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அம்மா கன்றுக்குப் பால் விடப் போனாள்.